தங்கிப் போவோரின் நிலம்

அரேபிய வளைகுடாவின் வடமேற்கு மூலையில் அமைந்த குவைத் நாட்டில், நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடியும் நான்கு மாதங்கள் கூடாரங்களின் பருவமாக இருந்துவருகின்றன. அந்நாட்டு நகராட்சி வழக்கமாக முகாம்களுக்குரிய இடங்களை வரையறுத்து, கட்டணமும் வைப்புத்தொகையும் பெற்று அனுமதி வழங்க, நகரக் குடும்பங்கள் மூன்று தலைமுறையினரோடும் புறப்பட்டு வெட்டவெளியில் கூடாரம் அடிக்கின்றன. பாலைவெளியை அவர்கள் 'பர்' என்கின்றனர். அங்கே ஒரு பகலைக் கழித்துவரும் உலாவுக்குக் 'கஷ்தா' என்றும், பருவம் முழுவதும் நிற்கும் முகாமுக்கு 'முகய்யம்' என்றும் பெயர். இதே நிலத்தில், மித்ரிபா என்னும் இடத்தில், 2016 ஜூலை 21 அன்று 53.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானதை உலக வானிலை அமைப்பு பின்னர் ஆய்ந்து உறுதிசெய்தது. இத்தகைய வெப்பத்திலிருந்தும் புழுதிக் காற்றிலிருந்தும் தப்புவதற்காகவே கான்கிரீட்டும் குளிரூட்டியுமாக ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்ட மக்கள், ஆண்டுதோறும் அந்நகரத்தை விட்டு மணலுக்குத் திரும்புவது ஏன் என்பதும், அப்படித் திரும்பும்போது அந்நிலத்துக்கு அவர்கள் ஆற்ற வேண்டிய கடமை என்ன என்பதும் சேர்த்தே சிந்திக்கத்தக்கவை.

திரும்புவதற்கான காரணத்தை நாடோடி வாழ்வின் நினைவு என்ற ஒன்றோடு முடித்துவிட இயலாது. பழைய குவைத் கடலை நோக்கிய ஊர். அதன் மக்களில் 'ஹதர்' எனப்பட்ட நகரத்தார் கப்பலோட்டியும் முத்துக்குளித்தும் வாணிகம் செய்தும் வாழ, 'பது' எனப்பட்ட மேய்ச்சல் குடிகள் ஒட்டகங்களோடும் ஆடுகளோடும் மழையைத் தொடர்ந்து உள்நிலமெங்கும் அலைந்தனர். 1920இல் எழுப்பப்பட்ட ஊர்மதில் இவ்விரு வாழ்க்கைகளுக்கும் இடையே எல்லையாக நின்றது. 1938இல் புர்கான் வயலில் எண்ணெய் கண்டறியப்பட்டு, 1946இல் அதன் ஏற்றுமதி தொடங்கியபின், மதிலுக்கு உள்ளிருந்த வாழ்வும் வெளியிலிருந்த வாழ்வும் ஒருசேர முடிவுக்கு வந்தன. 1957இல் மதிலும் இடிக்கப்பட்டது. கூடாரத்தில் பிறந்த ஒருவர் அடுக்குமாடி வீட்டில் பேரப்பிள்ளைகளைக் காணும் அளவுக்கு விரைவாக இம்மாற்றம் நிகழ்ந்ததால், பழைய வாழ்வை நினைவில் வைத்திருந்த முதியோரும் அதை அறியாத சிறுவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். அவ்விரு சாராரும் சந்திப்பதற்கு ஏற்ற இடமாகப் பாலை முகாம் அமைந்தது. அதாவது, குளிர்கால முகாம் என்பது இழந்த வாழ்வை அப்படியே மீட்டெடுப்பதற்கான முயற்சி அன்று. ஒரு தலைமுறை தன் அறிவை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதற்குக் கிடைத்த கடைசி இடங்களுள் ஒன்று.

அந்த அறிவின் முதல் பாடம் காலக்கணிப்பு. அரபியர் 'சுஹைல்' என்று அழைப்பதும், தமிழில் அகத்தியர் விண்மீன் என்று அறியப்படுவதுமான விண்மீன் ஆகஸ்டு இறுதியில் விடியலுக்கு முன் தென்வானில் தோன்றத் தொடங்குவதைக் கொண்டு, கோடையின் கடுமை உடையப் போவதை அரேபியத் தீபகற்பத்தின் மக்கள் கணித்தனர். அக்டோபர் நடுவில் தொடங்கும் 'வஸ்ம்' என்னும் பருவத்தில் பெய்யும் மழையே பாலைக்கு உயிர்மழை. ஆண்டு முழுவதற்கும் சராசரியாக நூறு மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெறும் நிலத்தில், அந்தத் துளிகள் எப்போது விழுகின்றன என்பது எவ்வளவு விழுகின்றன என்பதைப் போலவே முக்கியமானது; வஸ்மில் பெய்தால் குளிர்காலம் முழுவதும் ஈரம் மண்ணில் தங்கி, விதைகள் முளைத்து வசந்தத்தில் பூக்கின்றன. குவைத்தின் தேசிய மலரான 'அர்பஜ்' என்னும் மஞ்சள் பூப் புதர் செழிப்பதும், 'ஃபகா' எனப்படும் நிலத்தடிக் காளான் விளைவதும் இம்மழையைப் பொறுத்தே. இக்காளான் தானாக வளர்வதில்லை. 'ரக்ரூக்' என்னும் சிறு செடியின் வேர்களோடு கூட்டுவாழ்வு நடத்தி மண்ணுக்கடியில் திரள்கிறது. மண்ணின் மேற்பரப்பில் அது ஏற்படுத்தும் மெல்லிய மேட்டையும் வெடிப்பையும் கண்டு அதைத் தோண்டியெடுக்கும் பாட்டியோடு குனிந்து நடக்கும் பிள்ளை, வெறுமையாகத் தெரியும் தரையில் பார்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கற்கிறது.

இரண்டாவது பாடம் கூடாரமே. 'பது' எனப்பட்ட அதே மேய்ச்சல் நாடோடிகளான பதூயின்களின் கூடாரம் 'பைத் அல் ஷஅர்', அதாவது முடியால் ஆன வீடு எனப்பட்டது. வெள்ளாட்டு முடியைத் திரித்து நூலாக்கி, தரையோடு கிடத்திய தறியில் நீண்ட பட்டைகளாக நெய்து, அவற்றை ஒன்றோடொன்று தைத்து அதைப் பெண்களே செய்தனர். அதை நிறுத்துவதும் பிரிப்பதும்கூட அவர்கள் கையில்தான் இருந்தன. வெயில் நாளில் நெசவின் இடைவெளிகள் வழியே காற்று புகும். மழை பெய்தால் நூல் ஊறிப் பருத்து அந்த இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கூடாரத்தின் நடுவே தொங்கும் திரை, காப்பி காய்ச்சும் அடுப்போடு கூடிய விருந்தினர் பகுதியையும் சமையலும் உறக்கமும் நிகழும் குடும்பப் பகுதியையும் பிரித்தது. திரையிலும் தலையணையிலும் ஒட்டகச் சேணத்திலும் கோடுகளும் முக்கோணங்களுமாக அமைந்த 'சது' நெசவை, சவூதி அரேபியாவும் குவைத்தும் கூட்டாக முன்வைத்ததன் பேரில், 2020இல் யுனெஸ்கோ மானுடத்தின் தொட்டுணரா மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. இந்த வீட்டின் பெருமை அதன் அழகைவிட அளவில் இருக்கிறது: வீட்டின் மொத்தப் பொருளும் ஒட்டகங்களின் முதுகில் ஏறக்கூடிய அளவைத் தாண்டாமல் இருந்தது. எதைச் சுமக்க இயலுமோ அதை மட்டுமே உடைமையாகக் கொள்வது நாடோடி வாழ்வின் அடிப்படை. குடும்பமாகப் பாலைக்குச் செல்வோர் அங்கே பெறத்தக்க கல்வியும் இதுவே.

நகர வீட்டில் குடும்பத்தினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் தனித்தனி அறைகளிலும் தனித்தனித் திரைகளின் முன்னும் பிரிந்திருக்க, முகாமில் பற்றாக்குறை அவர்களை ஒன்றுசேர்க்கிறது. நீர் ஒரு தொட்டியின் அளவுக்கே உண்டு என்பதால் ஒவ்வொருவரும் மற்றவரின் தேவையை எண்ணிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது; வறண்ட காற்றும் மேகமற்ற வானும் பகலின் வெப்பத்தைத் தேக்கிவைக்காமல் விட்டுவிடுவதால், ஜனவரி இரவுகளில் குளிர் உறைநிலையை நெருங்கும்போது எல்லோரும் ஒரே தீயைச் சுற்றி அமர வேண்டியிருக்கிறது. காப்பியைப் பரிமாறுவதில் ஒரு முறையும் வரிசையும் உண்டு என்பதையும், போதும் என்றால் சிறு கோப்பையை இலேசாக அசைத்துக் காட்ட வேண்டும் என்பதையும், வழி தவறி வந்தவரிடம் அவர் யார் என்று கேட்பதற்கு முன் உண்பதற்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் சிறுவர் சொற்பொழிவின் வழியாகக் கற்பதில்லை. அருகிலிருந்து பார்த்தே கற்கின்றனர். பாலையில் விருந்தோம்பல் என்பது நற்பண்பு மட்டும் அன்று. இன்று நீர் கொடுப்பவர் நாளை நீர் கேட்க நேரும் நிலத்தில், அது எல்லோரையும் உயிரோடு வைத்திருந்த ஏற்பாடு.

பாலையின் அளவறிந்து நடக்கும் இந்த உணர்வைச் சாகசப் பயணங்களிலும் காண முடியும். சவூதி அரேபியா, ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்த 'ருப் அல் காலி' என்னும் மணற்பரப்பை 1930–31இல் கடந்த முதல் ஐரோப்பியரான பெர்ட்ரம் தாமஸும், 1946க்கும் 1948க்கும் இடையே இருமுறை கடந்த வில்பிரட் தெசிகரும் ரஷீத் குலத்து வழிகாட்டிகளையும் தோழர்களையும் நம்பியே சென்றனர்; கிணறு எங்கே, அதன் நீர் மனிதர் குடிக்கத்தக்கதா, ஒட்டகம் மட்டும் குடிக்கத்தக்கதா என்னும் அறிவெல்லாம் அவ்வழிகாட்டிகளிடமே இருந்தது. ஊர்தியில் மணலைக் கடக்கும் கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவரான ரால்ப் பாக்னால்ட், 1920களின் இறுதியிலும் 1930களிலும் லிபியப் பாலையில் கார்களை ஓட்டிச் சென்று, சக்கரத்தின் காற்றழுத்தத்தைக் குறைத்தால் அது பரந்து பதிந்து மணலில் புதையாமல் செல்லும் என்பதையும், புதைந்த சக்கரத்தின்கீழ் எஃகுத் தகடுகளை இட்டு மீட்கலாம் என்பதையும் நடைமுறையில் நிறுவினார். மணல் துகள்கள் காற்றில் துள்ளித் துள்ளி நகர்ந்து குன்றுகளாகத் திரளும் முறையை விளக்கி 1941இல் அவர் வெளியிட்ட நூல், பிற்காலத்தில் செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்ந்தோருக்கும் பயன்பட்டது. வியப்பும் பொறுமையும் கலந்த கவனிப்பே அவருடைய சாகசத்தின் உள்ளடக்கமாக இருந்தது.

இன்று குடும்பங்களோடு மணற்குன்றேறும் ஓட்டுநர்களுக்கும் இந்தக் கவனிப்பு உயிர்காக்கும் அறிவாகும். காற்று வீசும் பக்கம் மெதுவாக உயரும் குன்று, மறுபக்கத்தில் மணல் நிற்கக்கூடிய எல்லையான முப்பத்து மூன்று பாகையை ஒட்டிய சரிவாகத் திடீரென இறங்குகிறது. ஏறும்போது உச்சியைத் தவிர வேறெதுவும் தெரியாததால், அதை விரைவாகத் தாண்டும் ஊர்தி மறுபுறத்தில் நிற்பவர் மீதே விழக்கூடும், சரிவில் குறுக்காகத் திரும்பும் ஊர்தியோ உருண்டுவிடும். தனி ஊர்தியில் போகாதிருத்தல், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஊரிலுள்ள ஒருவரிடம் சொல்லிவைத்தல், வழி தவறினால் ஊர்தியை விட்டு நடந்துசெல்லாதிருத்தல் ஆகியவை எல்லாப் பாலைகளுக்கும் பொதுவான விதிகள். 'வாதி' எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகை சமதளமாகவும் காற்றுக்கு ஒதுக்கமாகவும் இருப்பதால் கூடாரத்துக்கு ஏற்ற இடமாகத் தோன்றினாலும், தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை, தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேர்வதுண்டு. மூடிய கூடாரத்துக்குள் கரி அடுப்பை எரியவிட்டு உறங்கும் குடும்பங்களை, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உறக்கத்திலேயே கொன்றுவிடுகிறது. குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தின் வாயை இறுக மூடும் பெற்றோர் இதை மற்ற எல்லாவற்றையும்விட முதலில் அறிந்திருக்க வேண்டும்.

மனிதருக்கு நேரும் ஆபத்துகள் பேசப்படும் அளவுக்கு நிலத்துக்கு நேரும் ஆபத்துகள் பேசப்படுவதில்லை. பாலையின் மேற்பரப்பு இறந்த மண் அன்று. பல இடங்களில் நீலப்பசும்பாசிகளும் பாசிக்காளான்களும் நுண்ணுயிர்களும் மணல் துகள்களைப் பிணைத்து ஒரு மெல்லிய மேலோட்டை உருவாக்கியுள்ளன. வேறு இடங்களில் நெருக்கமாகப் பதிந்த சரளைக் கற்கள் அடியிலுள்ள மண்ணைக் காற்றிலிருந்து காக்கின்றன. ஊர்திச் சக்கரம் ஒருமுறை ஏறினால் இந்த மேலோடு உடைந்து புழுதி கிளம்புகிறது, அடிமண்ணோ இறுகி மழைநீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. அமெரிக்காவின் மொகாவி பாலையில் இரண்டாம் உலகப் போருக்காக 1942 முதல் பயிற்சியில் ஓடிய பீரங்கி வண்டிகளின் தடங்கள் இன்றும் தெரிகின்றன என்பது, மழை குறைந்த நிலம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ள எவ்வளவு காலம் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. குவைத்தின் நிலம் ஏற்கெனவே பெருங்காயம் பட்டது. 1990–91இன் ஆக்கிரமிப்பும் போரும் அதில் லட்சக்கணக்கான கண்ணிவெடிகளைப் புதைத்துவைத்தன, அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளில் தீ மூட்டப்பட்டது, கசிந்த எண்ணெய் ஏரிகளாகத் தேங்கியது. அந்தக் காயத்தின் மீதுதான் ஆண்டுதோறும் முகாம்கள் எழுகின்றன.

நாடோடியின் கூடாரமும் நகரத்தாரின் முகாமும் தோற்றத்தில் ஒத்திருந்தாலும், நிலத்தோடு கொண்ட உறவில் அவை நேர்மாறானவை. மேய்ச்சல் குடி, புல் தீர்வதற்கு முன்பே இடம்பெயர்ந்தது. அடுத்த மழைக்குப் பிறகே அவ்விடத்துக்குத் திரும்பியது. 'ஹிமா' என்னும் பழைய ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட மேய்ச்சல் நிலங்களை ஊராரோ குலத்தாரோ காலம் வகுத்துப் பூட்டிவைத்தனர்; இஸ்லாம் அதைப் பொதுநலத்துக்கான காப்புநிலமாக ஏற்றுக்கொண்டது. இன்றைய பெருமுகாமோ மண்ணை வாரி எல்லைக்கரை எழுப்பி, மின்னாக்கிகளையும் தண்ணீர் லாரிகளையும் வரவழைத்து, நான்கு மாதங்கள் ஒரே இடத்தில் நிற்கிறது. அந்நான்கு மாதங்கள் விதை முளைத்துப் பூக்க வேண்டிய மாதங்களே என்பதுதான் இதன் துயரம். மிகை மேய்ச்சலும் ஊர்திகளும் முகாம்களும் சேர்ந்து, ஒரு காலத்தில் குவைத்தின் சமவெளிகளில் பரவலாக இருந்த அர்பஜ் புதரைப் பெரும்பாலான இடங்களிலிருந்து அகற்றிவிட்டன. விறகுக்காக மரங்களும் புதர்களும் வெட்டப்பட்டதால் சவூதி அரேபியா உள்நாட்டு விறகை வெட்டுவதையும் விற்பதையும் தடைசெய்ய நேர்ந்தது. துபாயிலுள்ள கால்நடை ஆராய்ச்சிக்கூடம் 2008 முதல் பரிசோதித்த ஏறத்தாழ 30,000 இறந்த ஒட்டகங்களில் முந்நூற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் உருண்டு திரண்டிருந்தது; பசியாறிவிட்டதான பொய்யுணர்வோடு அவை பட்டினியால் மெலிந்து மடிந்தன. நாடோடியின் வீட்டைச் சுமந்த விலங்கை நாடோடி வாழ்வைக் கொண்டாடச் சென்றோர் விட்டுவந்த பைகளும் கொல்கின்றன என்பதற்கு மேல் இந்த முரணைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

தமிழ் வாசகர் இந்தப் பாலையைத் தொலைவிலிருக்கும் அயல்நிலமாக மட்டும் பார்த்துவிட முடியாது. தொல்காப்பிய மரபு பாலைத்திணைக்குப் பிரிவை உரிப்பொருளாக, அதாவது அத்திணைப் பாடல்களின் மையப் பொருளாக வைத்தது. பொருள் தேடிச் சுரம் கடந்து போனவனும் அவனுக்காக வீட்டில் காத்திருப்பவளும் சங்கப் பாடல்களில் திரும்பத்திரும்ப வருகின்றனர். வளைகுடாவின் குளிர்கால முகாம் பாலையைக் குடும்பம் ஒன்றுகூடும் களமாக மாற்றியிருக்கிறது; ஆனால் அதே வெளியில், முகாமிலிருந்து சிறிது தொலைவிலோ முகாமுக்குள்ளேயோ, பிரிவு இன்னும் உரிப்பொருளாகவே இருக்கிறது. ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர், வார நாட்களில் வெறிச்சோடிய முகாமைக் காவல் காப்பவர், தேநீரும் உணவும் ஆக்குபவர் ஆகியோரில் மிகப் பலர் தெற்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குடும்பத்தை விட்டு வந்தவர்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து சென்ற மேய்ப்பர்களும் அவர்களுள் உண்டு. 2008இல் வெளிவந்த பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' என்னும் மலையாள நாவல் அவ்வாழ்வின் கொடிய எல்லை ஒன்றை உலகறியச் செய்தது. ஒரு குடும்பம் பாலையில் ஒன்றுசேர்வதற்கு மற்றொரு குடும்பத்தின் பிரிவு விலையாகிறது என்றால், பழைய பதூயின் அறத்தின்படி அந்தத் தொழிலாளி முதலில் விருந்தினர், பிறகே பணியாளர். அவருக்குப் போதிய நீரும், குளிருக்கு ஏற்ற படுக்கையும், வீட்டாரோடு பேசுவதற்கான வசதியும், காலம் தவறாத ஊதியமும் உறுதிசெய்யப்படாத முகாம் தன் மரபைப் பற்றிப் பெருமை பேசத் தகுதியற்றது.

பாலைக்குச் செல்லாமலிருப்பதே தீர்வு என்று சொல்வது எளிது. ஆனால் காணாத நிலத்தைக் காக்க எந்தத் தலைமுறையும் முன்வந்ததில்லை. 1972இல் இயற்கை வெளியிலிருந்து அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மான், வளர்ப்பிடங்களில் எஞ்சியவற்றைக் கொண்டு 1982இல் ஓமனில் மீண்டும் விடப்பட்டு, பின்னர் தீபகற்பத்தின் பிற பகுதிகளிலும் விடப்பட்டது, அதை நேசித்தவர்கள் இருந்ததால்தான். குவைத்தில் வேலியிட்டுக் காக்கப்பட்ட நிலங்களுக்குள் செடிகள் மீண்டும் தழைத்திருப்பதும், மனிதர் சற்று விலகி நின்றால் பாலை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வல்லமை உடையது என்பதற்குச் சான்று. ஆகவே தேவைப்படுவது தடையைவிட அளவு: ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்காத சிறு முகாம்கள், ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு விலகாத ஊர்திகள், நகரத்திலிருந்தே எடுத்துச் செல்லும் விறகு, சாம்பல் வரை திரும்ப எடுத்துவரும் குப்பை, மழை பெய்த ஆண்டில் பூக்கும் வெளிகளுக்கு ஓய்வு தரும் புதிய ஹிமா. குவைத்தியக் குடும்பங்கள் தம் முன்னோரிடமிருந்தே இவற்றைக் கற்க முடியும். குளிர்கால விடுமுறையில் துபாயின் புறநகர் மணலுக்கும் ஓமனின் குன்றுகளுக்கும் பிள்ளைகளோடு செல்லும் தமிழ்க் குடும்பங்களும் அந்த முன்னோரிடமிருந்தே கற்க வேண்டும். வரும் குளிர்காலத்தில் கூடாரத்தை ஊர்தியில் ஏற்றும் ஒவ்வொரு பெற்றோரும், அங்கே எதைக் காட்டப் போகிறோம் என்பதோடு, அதை அடுத்த மழைக்கு எந்த நிலையில் விட்டுவரப் போகிறோம் என்பதையும் பிள்ளைகளோடு பேசி முடிவுசெய்துகொண்டு புறப்பட வேண்டும்.